கிடை நாய்களின் முதுகில் சிவப்பு

அமுதவள்ளி திருச்சுழிப் பக்கத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. நாய்க்கடி நான்கு முறை. அவள் அப்பா கூலிக்குப் பருத்தி எடுத்தவர். வீட்டில் அரசு வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். "ஊசி போடத்தான் சம்பளம், நாயக் கொஞ்சுறதுக்கு இல்ல" என்பாள்.

போன மாசியில் பக்கத்து ஊரில் ஒரு செவலை வெறிநாய் இரண்டு பேரைக் கடித்துவிட்டுத் தப்பி ஓடியது. உடனே ஊர் ஊராகத் தடுப்பூசி முகாம் நடந்தது. ஊசி போட்ட நாயை மறுபடி பிடிக்காமலிருக்க முதுகில் சிவப்புச் சாயம் தடவிவிடுவார்கள். சோலைச்சாமியின் ஆட்டுக்கிடைக்கு அவள் போனபோது அவர் ஆடுகளை மேய்க்கப் போயிருந்தார். அவருடைய இரண்டு நாய்களின் முதுகிலும் சிவப்பு இருந்தது. முந்தின ஊரில் போட்டிருப்பார்கள் என்று திரும்பிவிட்டாள்.

மறுநாள் ரோட்டைக் கடந்த வேறொரு மந்தையைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினாள். ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் அடையாளச் சாயம். அதே சிவப்பு.

கிடை அதற்குள் இடம் மாறியிருந்தது. கேட்டுக் கேட்டு, கருவேலங்காட்டுக்கு அப்பால் சோலைச்சாமியைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணே, ஒங்க நாய்க்கு யாரு சாயம் வச்சது?"

"நாந்தேன். மந்தை கலந்துட்டா நாயும் நம்மதுன்னு தெரியணும்ல? அதுக்கும் கவர்மெண்டுல கையெழுத்து வாங்கணுமா தாயி?"

அவள் சிரிக்கவில்லை. ஒரு நாயின் காது கிழிந்திருந்தது.

"இது என்ன காயம்?"

"முந்தாநாளு ஒரு செவலையோட சண்ட. நாந்தேன் மஞ்சப் பத்துப் போட்டேன்."

"கையக் காட்டுங்க."

விரல்களில் முள் கீறிய புதுக் காயங்கள். கையுறை மாட்டிக்கொண்டு நாயின் காயத்தைக் கழுவினாள். இரண்டுக்கும் ஊசி போட்டாள். காது கிழிந்ததைத் தனியே சங்கிலியில் கட்டச் சொன்னாள். சோலைச்சாமியின் கையைக் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவவைத்தாள்.

"வண்டியில ஏறுங்கண்ணே. அந்தச் செவலையோட எச்சி ஒங்க கீறல் வழியா ஏறியிருக்கலாம், ஒங்களுக்கும் ஊசி போடணும்."

"ஆட்ட யாரு பாக்க?"

"மதினியக் கூப்பிடுங்க. வெறி வந்துட்டா அப்புறம் மருந்து கெடையாது."

அவர் மனைவிக்குப் போன் போட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர், "ரெண்டு நாள் ஏன் வரல?" என்று அவரிடம் கேட்டார்.

"நேத்தே நான் பாத்திருக்கணும் டாக்டர்," என்றாள் அமுதவள்ளி. "சாயத்தப் பாத்துட்டு, நாயப் பாக்காமத் திரும்பிட்டேன்."

சோலைச்சாமி ஊசிகள் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டார். காது கிழிந்த நாய் இன்னும் சங்கிலியில்தான் இருக்கிறது, நன்றாகத் தின்கிறது. ஆறு மாதம் கழியும்வரை அதற்கு வெறி வராது என்று சொல்ல முடியாது. கிடை எங்கே மாறினாலும் வாரம் ஒருமுறை அமுதவள்ளி போய்ப் பார்க்கிறாள்.