செவெல்மா கேட்டு வாங்கிய கிணறு

கோபிப் பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில் எங்கள் பன்னிரண்டு மேய்ச்சல் குடும்பங்களுக்குத் தலைவி செவெல்மா. கிணறு கேட்டு மூன்று வருடம் மனு எழுதினாள். கடைசியில் மாகாணத்திலிருந்து ஓயுங்கெரெல் என்ற பொறியாளர் பெண் வந்தாள். நாலு சின்னக் கிணறுகளைத் தள்ளித் தள்ளிப் போடுவதே நல்லது என்றாள். ஆனால் ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைத்திருந்தது.

"ஒரே இடத்துல போட்டா சுத்துப்பட்டு மந்தையெல்லாம் அங்கதான் வந்து நிக்கும், அக்கா."

"நிக்கட்டுமே. இத்தனை நாளா நின்னு குடிக்க ஒரு சொட்டு இருந்துச்சா?" என்று செவெல்மா சிரித்தாள். எங்கள் குளிர்கால முகாமுக்குப் பக்கத்திலேயே இடம் காட்டினாள். குளிர்காலத்தில் தண்ணீருக்காகப் பனிக்கட்டி வெட்டிச் சுமந்து அவள் தோள் காய்த்துப் போயிருந்தது.

தொண்ணூறு மீட்டரில் நல்ல தண்ணீர் வந்தது. மோட்டாருக்கு ஒரு அறை கட்டி, சாவியை அவளிடமே கொடுத்தார்கள்.

மூன்றாம் கோடையில் பக்கத்து மாவட்டங்களில் மழை பொய்த்தது. மந்தைகள் எங்கள் கிணற்றைத் தேடி வந்தன. ஒரு மாதத்தில் முகாமைச் சுற்றிப் புல் வேரோடு போய், வெறும் புழுதி மிஞ்சியது. குளிர்காலத்துக்கென்று நாங்கள் மேய்க்காமல் விட்டிருந்த புல் அது. வெளியாருக்குத் தண்ணீர் இல்லை என்று கூட்டம் போட்டு முடிவு செய்தோம். செவெல்மா அறையைப் பூட்டினாள்.

மறுநாள் காலை கொம்போ என்பவன் நானூறு ஆடுகளோடு வந்து நின்றான்.

"திறங்க அக்கா. மூணு நாளா நடக்குதுங்க."

"புல்லே போச்சு தம்பி, பாக்கறேல்ல?"

"புல்லு வேணாம். தண்ணி காட்டிட்டுப் போயிடறோம்."

"எங்க போவ?"

ஆடுகள் காய்ந்த தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன. அவள் திறந்துவிட்டாள்.

அன்று மாலை அவள் கொழுந்தன் லுவ்சன் கத்தினான். "பூட்டினதும் நீங்க, திறந்ததும் நீங்க. தலைவியாம் தலைவி!"

"இந்தா சாவி. நாளைக்கு நீ நின்னு துரத்து."

லுவ்சன் கையை நீட்டவில்லை. கூடியிருந்த நாங்களும் நீட்டவில்லை.

இன்னும் இரண்டு கிணறு வேண்டும், தள்ளித் தள்ளி வேண்டும் என்று மாகாணத்துக்கு எழுதினாள். இந்த ஆண்டுத் திட்டம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. இலையுதிர் காலத்தில் லுவ்சனோடு ஐந்து குடும்பங்கள் மேற்கே போய்விட்டன.

நாங்கள் தங்கினோம். புல் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஆடுகள் அங்கே மேய்ந்துவிட்டுத் தண்ணீருக்கு இங்கே திரும்பும். நடந்தே இளைத்தன. வசந்தம் வருவதற்குள் செவெல்மாவின் மந்தையில் பாதி செத்துவிட்டது.

"நீங்களும் கிளம்பிடுங்களேன்" என்றேன்.

"மோட்டார் போட ஆள் வேணுமே" என்று சொல்லி, எனக்கு உப்புத் தேநீர் ஊற்றினாள். வெளியே யாருடைய மந்தையோ வந்துகொண்டிருந்தது.