கிழக்குப் பார்த்து வைத்த சோலார்

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெற்கே ஒரு தடையும் இல்லை. பள்ளிக்கூட மைதானம், அதைத் தாண்டி ஒரு வரிசை மரம், அப்புறம் வானம். அந்தப் பக்கம் யாரும் கட்டடம் எழுப்ப முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இடமில்லை என்று நான் சாக்குச் சொல்லக்கூடாது.

என் மனைவி ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிலேயே முடக்குவாதம் வந்துவிட்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மணிக்கட்டு திரும்பாது. ஒரு பக்கெட் சுடுதண்ணீரில் கையைப் போட்டு வைத்து, மீதியை முட்டியில் ஊற்றிக்கொண்டால்தான் அவளால் தலைவாரவே முடியும். எட்டரைக்குள் ஃபேக்டரி கேட்டில் கார்டு பஞ்ச் ஆக வேண்டும். மூன்று நாள் தாமதமானால் சூப்பர்வைசர் பேச ஆரம்பித்துவிடுவார்.

வீட்டில் கீஸர் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கரண்ட் ரேட் ஏற ஏற, அவள் அந்த ஸ்விட்சைத் தொடவே யோசித்தாள். "கீஸர் போட்டியா?" என்று கேட்டால் "போட்டேன், போட்டேன்" என்பாள். போய்த் தொட்டுப் பார்த்தால் பச்சைத்தண்ணீர். சண்டை போட்டுப் பார்த்தேன். "ஆனைக்கு யார் தீனி போடுறது?" என்று வாயை அடைத்துவிட்டாள். கடைசியில் பி.எஃப். பணத்தில் லோன் எடுத்து, மாடியில் வெயிலில் தண்ணீர் சூடாகும் சோலார் ஹீட்டர் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் சோலார். அந்தப் பெருமையில், ஆள் வந்து மாட்டுவதற்கு முன்பே கீஸரைக் கழற்றிப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டேன்.

மாட்ட வந்தவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். மைதானத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். "ஒள்ளே ஜாகா சார். சவுத் ஃபேஸ் பண்ணி வெச்சா நாள் பூரா பிசிலு" என்றார். ஒள்ளே ஜாகா என்றால் நல்ல இடம், பிசிலு என்றால் வெயில்.

நான் வேண்டாம் என்றேன்.

நான் சாமி கும்பிடாதவன். ராகுகாலம் பார்க்கிறவர்களை டீக்கடையில் உட்கார்ந்து கிண்டல் செய்கிறவன். ஆனால் அதற்கு முந்தின வருடம்தான் எங்கள் ஒரே மகள் ஆறு வயதில் காய்ச்சலில் போயிருந்தாள். கூடத்தில் அவளைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். அந்தத் திசையைப் பார்த்து, என் மனைவிக்கென்று ஒரு பொருளை வைக்க எனக்குக் கை வரவில்லை. எமன் திசை என்று ஊரில் சொல்வதெல்லாம் அன்றைக்கு எனக்கு மெய்யாகத் தெரிந்தது. பயம், வேறொன்றுமில்லை.

"கிழக்குப் பார்த்து வைங்க. எங்க வழக்கம் அது" என்றேன். அவர் எவ்வளவோ சொன்னார். "மத்தியானத்துக்கு மேலே வெயில் சரியா விழாது சார், அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது" என்றார். நான் பணம் கொடுக்கிறவனுடைய குரலில் பேசினேன். அவர் ஸ்பேனரை எடுத்தார்.

ஆறேழு மாதம் ஓரளவு ஓடியது. கொதிக்காவிட்டாலும் வெதுவெதுப்பு இருந்தது. அவள் குறை சொல்லவில்லை. அப்புறம் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாடி மேல் மாடி எழுப்பி, அதற்கும் மேலே தண்ணீர் டேங்க் வைத்தார். காலை வெயில் போயிற்று. மத்தியான வெயிலை நானே முன்பே அனுப்பி வைத்துவிட்டேன். மிச்சமிருந்தது மாடியில் ஓர் அழகான கண்ணாடி.

காலையில் அவள் குழாயைத் திறந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டு மூடுவாள். கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாத காலம் அது. சமையலுக்கு நடுவே அரைச் சட்டி வெந்நீர் வைப்பாள். அது விரலுக்கே போதாது. தாமதம் மூன்று நாளாயிற்று, ஐந்து நாளாயிற்று. ஒரு சனிக்கிழமை கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வந்து டிஃபன் பாக்ஸைக் கழுவி வைத்தாள். கழுவும்போது அது இரண்டு முறை கையிலிருந்து விழுந்தது.

நடுவில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சோலாரைத் திருப்பியிருக்கலாம். சொன்னால் ஏன் கிழக்கே வைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். மகளின் பேரை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பேரை எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வேலை போன பிறகுதான் வேறு ஓர் ஆளைக் கூப்பிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அரை நாளில் ஸ்டாண்டைக் கழற்றி, பைப்பை மாற்றி, தெற்குப் பார்த்துத் திருப்பிவிட்டார். மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது. நானே பக்கெட்டில் பிடித்து, பச்சைத்தண்ணீர் கலந்து வைத்தேன். அவள் இரண்டு கையையும் உள்ளே போட்டாள். அதற்குள் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொக்கி மாதிரி வளைந்துபோயிருந்தன. வெந்நீர் வலியைத்தான் குறைக்கும், நோய் அதன் வழியில்தான் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். நான் அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கத் தயாராக இல்லை.

"அன்னைக்கே தெற்கால பாத்து வெச்சிருக்கணும். என் தப்புதான்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அன்னைக்கு மாட்ட வந்த ஃபிட்டரு கீழ எறங்கினதும் எங்கிட்ட கன்னடத்துல சொல்லிட்டுதான் போனாரு."

"அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் தண்ணீருக்குள் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவைப் படுக்க வெச்ச தெசை. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

அவள் கையை வெளியே எடுத்து முட்டி மேல் வைத்துக்கொண்டாள்.

"நீங்களே ஊத்துங்க. எனக்கு சொம்பு புடிக்க வரல" என்றாள்.