ஆபீசருக்கு ஒரு சாட்சி

வரிசையில் நிற்கும்போது அவர் முகம் எப்போதும் சுவர்ப் பக்கமே இருக்கும். ஓய்வூதிய அலுவலகத்தில் ஒட்டியிருக்கும் பழைய அறிவிப்புகளை ஓர் எழுத்து விடாமல் படிப்பார். படித்து முடித்ததும் மேலிருந்து மறுபடி தொடங்குவார். திரும்பினால் எல்லோரும் பெண்கள், கணவனின் அரசாங்க வேலையால் குடும்ப ஓய்வூதியம் பெறுகிறவர்கள். மனைவியின் ஓய்வூதியத்துக்காக அங்கே வரும் ஆண் அவர் ஒருவர்தான்.

என் அத்தைக்குத் துணையாக ஆறு வருடங்களாக அங்கே போகிறேன். வருடத்துக்கு ஒருநாள் நேரில் வந்து, உயிரோடு இருக்கிறோம், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பித் தருவார். அதனால் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஆபீசர்'.

"என்ன ஆபீசரே, இந்த வருஷமாவது ரெண்டாம் கல்யாணம் உண்டா?" என்பாள் அத்தை.

"யாருங்க பொண்ணு குடுப்பா? பென்ஷன் நின்ன மறுநாளே அவளும் ஓடிப்போயிடுவா."

சிரிப்பு அடங்கியதும் யாராவது, "உங்க வீட்டம்மா என்ன வேலை பாத்தாங்க?" என்பார்கள்.

"ஆஸ்பத்திரியில. நிர்வாகப் பொறுப்பு." சொல்லும்போதே அறிவிப்புகளின் பக்கம் திரும்பிவிடுவார்.

அவரோ துணிக்கடை, மருந்துக்கடை, கடிகாரக்கடை என்று மாறி மாறி விற்பனையாளராக இருந்தவர். "முதலாளிங்களுக்கும் எனக்கும் ஒத்தே வராதுங்க. மூணு மாசம் தாங்கினா அதிசயம்." அப்படியானால் வீட்டை நடத்தியது யார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றியதில்லை.

இந்த வருடம் மழையில் ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகள் நனைந்து வீணாகிவிட்டன. அங்கே வேலை பார்த்து இறந்தவர்களின் கணவனோ மனைவியோ, இறந்தவரோடு பணிபுரிந்த ஒருவரைச் சாட்சி காட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதமே ஓய்வூதியம் நின்றுவிடும். அவருக்கு வேறு வருமானம் இல்லை. கடிதம் வந்து ஒரு மாதமாகியும் அவருடைய படிவத்தில் சாட்சிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

மேசைக்குப் பின்னாலிருந்த குமாஸ்தாப் பெண் நிமிர்ந்தாள். "என்ன பெரியவரே, இன்னிக்குக் கடைசி நாள். ஒரு ஆள்கூடவா கிடைக்கல?"

"யாரையும் தெரியாதும்மா..."

"இருபத்தாறு வருஷம் வேலை பாத்திருக்காங்க. கூட வேலை பாத்தவங்க ஒருத்தரைக்கூடத் தெரியாதா? என்ன வேலை?"

"நிர்வாகம்..."

அவள் கோப்பைப் புரட்டினாள். "பென்ஷன் உத்தரவுல கக்கூஸ் சுத்தம் பண்றவங்கன்னு இருக்கே. எது சரி?"

அவர் சுவர் அறிவிப்புகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் ரேகை வைக்கிறேன்மா."

பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு மூதாட்டி எழுந்தாள். அதே ஆஸ்பத்திரியில் காவலாளியாக இருந்து போன வருடம் இறந்தவரின் மனைவி; எங்கள் வரிசைக்குப் புதியவள். தானும் அங்கே துப்புரவு வேலை பார்த்தவள். காலையில் அவள் அதைச் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது நாங்கள் எல்லோரும் சற்று நகர்ந்து உட்கார்ந்தோம். நானும்தான்.

"அக்காவும் நானும் பதினெட்டு வருஷம் ஒரே வார்டு. இவரு அக்கா வீட்டுக்காரரு. இவரை எனக்கு நல்லாத் தெரியும். இவருக்குத்தான் என்னைத் தெரியாது."

"அதெப்படி?" என்றாள் குமாஸ்தா.

"வேலை முடிஞ்சா அக்காவைக் கூட்டிட்டுப் போக இவரு ரெண்டு பஸ் ஸ்டாப்பு தள்ளி நிப்பாரு. அக்கா எங்களை அனுப்பிட்டு அங்க தனியா நடந்து போகும். ஒருநாள் கடைத்தெருவுல, 'மாமா, நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டேன். யாரையோ கேட்ட மாதிரி போயிட்டாரு. மறுநாள் அக்கா, 'அவருக்குக் கண்ணு சரியில்லடி'ன்னுச்சு. சாகிற வரைக்கும் அதையேதான் சொல்லுச்சு."

வன்மம் இல்லாமல் சொல்லிச் சிரித்தாள். ஆறு வருடங்களாகக் கண்ணாடி இல்லாமலே அந்தச் சுவரைப் படிப்பவரை நாங்கள் பார்த்தோம்.

அவள் கட்டைவிரலை அழுத்தினாள். முத்திரை விழுந்தது. "அடுத்த மாசப் பென்ஷன் வந்துடும், போங்க" என்றாள் குமாஸ்தா.

அவர் போகவில்லை. அந்த மூதாட்டியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கால்கள். அதிகாரிகளின் அறைக்குள் செருப்போடு நுழைந்து பழகாதவள், வாசலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தாள். உள்ளே நின்ற எங்கள் எல்லோர் காலிலும் செருப்பு இருந்தது.

அவர் வெளியே போனார். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த அந்த ரப்பர் செருப்புகளை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, வரிசை முழுவதையும் கடந்து வந்தார். முழங்கால் மடங்க மறுக்க, மேசையைப் பிடித்துக் குனிந்து, அவள் காலடியில் ஜோடி சேர்த்து வைத்தார்.

"ஐயோ மாமா, என்ன இது... அக்கா பாத்தா என்னைத்தான் திட்டும்!" அவள் பதறிக் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவர் செருப்புகளை இன்னும் சற்று அவள் பக்கமாக நகர்த்தினார். நிமிரவில்லை.