எழும்பாத லப்டொப்பும் நஸாரின் சபதமும்

மன்னார் கடைத்தெருவில் நஸாரிடம் லப்டொப் திருத்தக் கொடுத்தால் ஒரு பிரசங்கமும் சேர்ந்து வரும். "விண்டோஸ் எதுக்கு அண்ணன்? லினக்ஸ் போட்டுத் தாறன். சும்மா கிடைக்குது, வைரஸ் பிடிக்காது, உள்ளுக்க என்ன நடக்குதெண்டு ஆரும் திறந்து பார்க்கலாம்!" உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க மன்னாரில் ஒருவருக்கும் ஆசை இல்லை என்பது அவனுக்கு இன்றுவரை உறைக்கவில்லை. பாவம், என்ன செய்வது! மன்னாருக்குப் பக்கத்து முசலியிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்த காலத்தில், தபாலில் இலவசமாக வந்த ஒரு சீடியில்தான் லினக்ஸை முதன்முதல் கண்டான். அன்று பிடித்த பைத்தியம். ஊர் திரும்பிக் கடை போட்டபோது, லினக்ஸின் சின்னமான பென்குயினைத் தன் பெயரைவிடப் பெரிதாகப் பலகையில் வரைவித்தான். கோழிக்குஞ்சு விற்கிற கடை என்று நினைத்து உள்ளே வந்தவர்களும் உண்டு.

அந்தப் பென்குயினுக்குக் கண்டம் வந்தது எடித் அக்காவால். அவர் தோட்டவெளியில் ஒரு மீனவர் சங்கத்தின் செயலாளர். அவர் வீட்டு முன்னறைதான் சங்கத்தின் கந்தோர். சங்கத்தின் ஐந்து பழைய லப்டொப்புகளுக்கும் நஸார்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். நான்கு ஒழுங்காக ஓடின. அக்காவினது மட்டும் மூடினாலும் நித்திரை, திறந்தாலும் நித்திரை. பொத்தானை அமத்தினால் ஒரு கணம் விழித்துவிட்டு மறுபடியும் படுத்துவிடும்.

"தம்பி, இது கும்பகர்ணன்ர சாதி," என்றார் அக்கா, அதைக் கடைக்கே கொண்டுவந்து. "ஞாயிறு கூட்டத்தில சொல்லி, அஞ்சையும் வவுனியாவுக்கு அனுப்பி விண்டோஸ் போடுவிக்கப்போறன்."

நஸாருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் நாலு பேர் நிற்கிறார்களே என்றும் பாராமல், "ஞாயிறுக்கிடையில இதை எழுப்பேல்லையெண்டா, அந்தப் பென்குயினை என்ர கையாலேயே அழிப்பன்!" என்று சொல்லிவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கடையில் வைத்து இருபது தரம் மூடித் திறந்தான். இருபது தரமும் விழித்தது. அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் அரை மணித்தியாலத்தில் தொலைபேசி வந்தது: "படுத்திட்டுது." மறுநாள் கடைக்கு வந்ததும் ஒன்றும் அறியாத பிள்ளைபோல விழித்தது. லினக்ஸின் நடுக்கருவான கேர்னலைப் புதுப்பித்தான். திரைக்கான டிரைவரை மாற்றினான். நித்திரையையே மாற்றினான், ஆழ்ந்த நித்திரை, கோழித்தூக்கம் என்று லினக்ஸில் அதற்கும் வகை உண்டு. வீட்டுக்குப் போனதும் படுத்தது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறவன் போல நடிக்கிறவனை எழுப்ப முடியுமா?

சனிக்கிழமை அக்கா மறுபடியும் லப்டொப்போடு கடைக்கு வந்து நிற்க, கணினி தனக்கு நடந்ததையெல்லாம் தானே எழுதிவைக்கும் பதிவைத் திறந்து வரிவரியாக வாசித்தான். ஒவ்வொரு நித்திரைக்கும் முன்னால் ஒரே வாசகம்: மூடி மூடப்பட்டது.

"அக்கா, மூடினதாரு?"

"ஒருத்தரும் மூடேல்லை. திறந்துதான் கிடந்தது. மாதா பக்கத்தில இருந்து பார்த்துக்கொண்டிருந்தவ!"

கடையைப் பூட்டிவிட்டு, லப்டொப்பும் கையுமாக அக்காவோடு தோட்டவெளிக்கே போனான். அக்கா லப்டொப்பை மேசையில் வைத்துத் திறந்தார், விழித்தது. பிறகு வீட்டுப் பீடத்திலிருந்து ஒரு சின்ன மடு மாதா சுரூபத்தை எடுத்து, முத்தமிட்டு, விசைகளுக்குப் பக்கத்தில் இடதுமூலையில் வைத்தார். நஸாரின் கண் முன்னாலேயே லப்டொப் படுத்தது.

"அக்கா... கடைக்கு வரேக்க மாதா எங்க?"

"பீடத்தில. பஸ்ஸில மீன்பையோட மாதாவைக் கொண்டு திரியிறதே? நீ லப்டொப் தந்த நாளில இருந்து, நல்லா ஓடவேணுமெண்டு இதிலதான் வச்சிருக்கிறன். என்ர மனுசன்ர ஓட்டோவில இருந்த மாதா."

ஓட்டோவில் இருந்த மாதா என்றால் காந்தக்கால் மாதா. ஆட்டத்தில் விழாமல் ஒட்டிக்கொள்வதற்கு. லப்டொப்பின் மூடியிலும் ஒரு துளிக் காந்தம் உண்டு. மூடும்போது அது வந்து இடதுமூலையில் நிற்கும். உள்ளே இருக்கிற உணரி அதை அறிந்து, "மூடியாயிற்று, படு" என்று சொல்லும். மாதாவின் காலடி சரியாக அந்த இடத்தில். விண்டோஸ் போட்டாலும் படுத்துத்தான் கிடக்கும்!

நஸாருக்குக் குட்டு விளங்கியது. எப்படிச் சொல்வது? வேதக்கார வீட்டில் ஒரு முஸ்லிம் நின்றுகொண்டு, "குற்றவாளி உங்கட மாதாதான்" என்பதா? சொல்லாவிட்டால் நாளைக்குப் பென்குயின் இல்லை. சுவரோரம் நின்ற அலுமாரியைப் பார்த்தான்.

"அக்கா, மாதாவை இப்பிடிக் கைக்குக் கீழ வைக்கலாமோ? தேத்தண்ணி சிந்துற இடம். அந்த அலுமாரிக்கு மேல வையுங்கோ. அங்க இருந்தா முழுக் கந்தோரும் தெரியும்."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஓமடா தம்பி! எனக்கு இது தோன்றேல்லையே!" ஓடிப்போய் அலுமாரிக்கு மேல் ஏற்றிவைத்தார். நஸார் பொத்தானை அமத்தினான். விழித்தது. மூடித் திறந்தான். விழித்தது. பத்து தரம் செய்தாலும் விழித்தது.

அக்கா சிலுவை அடையாளம் போட்டார், கண் கலங்கிவிட்டது. "ஒரு கிழமையா நீ கிண்டிக் கிளறினாய். மாதாவுக்கு உரிய இடத்தைக் குடுத்தவுடன ஒரு நிமிசம்!"

காந்தத்தைப் பற்றிச் சொல்ல நஸார் வாயைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். உள்ளுக்க நடக்கிறதை ஆரும் திறந்து பார்க்கலாம் என்று ஊரெல்லாம் பிரசங்கித்தவன், வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தான்.

ஞாயிறு கூட்டத்தில் லினக்ஸ் தப்பியது. பென்குயினும் தப்பியது. நஸாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. திங்கள் காலை, சங்கத் தலைவர் அமிர்தநாயகம் தன் சொந்த லப்டொப்பை நெஞ்சோடு அணைத்தபடி கடைக்கு வந்தார்.

"இதுவும் படுத்தா எழும்புதில்லை தம்பி."

"தாங்கோ ஐயா, பார்ப்பம்."

அமிர்தநாயகம் கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீர் ஒண்டும் திருத்த வேண்டாம். மாதாவை எந்த உயரத்தில வைக்கிறதெண்டு மட்டும் சொல்லும். அது உமக்குத்தான் தெரியுமெண்டு எடித் சொன்னவ."