கரியாலூர் ரோட்டோரப் பாறை

எட்டு வருடத்துக்கு முன்பு, நிலவியல் முதுகலை கடைசி வருடம் படித்தபோது, ஆய்வுக்காகக் கல்வராயன் மலைக்கு அடிக்கடி போவேன். கள்ளக்குறிச்சியில் காலை பஸ் ஏறி, கரியாலூரில் இறங்கி, கையில் சுத்தியலோடு நாள் முழுக்க நடப்பேன். திரும்பும்போது பை நிறையக் கல். "புதையலாம்மா?" என்று கண்டக்டர் சிரிப்பார். அந்த மலைக்காற்றும் கால்வலியும் இன்றும் நினைவில் இனிக்கின்றன.

கிரானைட் என்பது பூமிக்கடியில் உருகிய குழம்பு இறுகி உண்டானது. அதைப் பொடித்து, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அந்தக் குழம்பு எதிலிருந்து உருகி வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். என் கற்களில் ஒன்று மட்டும் தனித்து நின்றது. பொட்டாசியமும் ரூபிடியமும் அதில் மிக அதிகம். இந்த மலை கிரானைட்டுக்கு இரண்டு மூலங்கள் என்று கட்டுரையே எழுதிவிட்டேன். பேராசிரியர் பூரித்துப்போய், கருத்தரங்கில் வாசிக்கச் சொன்னார்.

அதற்கு ஒரு வாரம் இருக்கையில், அந்தக் கல்லை எடுத்த ரோட்டோரப் பாறையில் இன்னும் கொஞ்சம் எடுக்கப் போனேன். பாதி மண்ணில் புதைந்து, புல் மூடிக் கிடந்த பாறை அது. நான் உடைப்பதைப் பார்த்து, பக்கத்து நிலத்தில் சாமை அறுத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"இன்னாங்க, இதப் போயி ஒடச்சிக்கினு இருக்கீங்க? இது எங்க மலைக் கல்லே இல்லிங்க. மழையில ரோடு சரிஞ்சப்ப லாரில கொண்டாந்து கொட்னாங்க."

சுத்தியலைக் கீழே வைத்தேன். "நல்லாத் தெரியுமாங்க?"

"நானும்தான் அந்த வேலைக்குப் போனேன். எங்க கல்லு ஓடையில கீது, வாங்க."

அறுவடையை விட்டுவிட்டு, அரை மணி நேரம் முள்ளை ஒதுக்கி என்னைக் கூட்டிப்போனார். ஓடையின் அடியில், மலையோடு ஒன்றாய் வேரோடிய பாறை. அதை நான் உடைக்கும்வரை பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர், "கட்டுரையை வாபஸ் வாங்கிடு" என்றார். பிறகு ஓடைக்கல்லின் முடிவு வந்தது. மற்ற எல்லாக் கற்களோடும் ஒத்துப்போனது; மூலம் ஒன்றுதான். சாதாரணமான ஆய்வேடுதான், ஆனால் பொய் இல்லாதது.

நன்றிப் பக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஒரு கல் எங்கிருந்து வந்தது என்று அத்தனை பாடுபட்டுத் தேடிய நான், அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.