என் தம்பி கேட்ட உதவி

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி. நானும் என் தம்பி பாண்டியும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம்.

எதிர் வரிசையில் தூரத்து உறவில் ஒரு மாமா. எல்லாக் கல்யாணத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்தானே... மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற குரல்! அவர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே பாண்டி! மிலிட்டரி கேன்டீன முழுசா முழுங்கிட்டு வந்துட்டியாலே? ஒரு இலை பத்துமா, இன்னொண்ணு போடச் சொல்லவா?"

பந்தியே சிரித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் தம்பியும் சிரித்திருப்பான். சிரித்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருப்பான்.

பாண்டி நிதானமாகத் தண்ணீர் குடித்தான்.

"மாமா, எனக்குச் சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியாத ஒரு நோவு இருக்கு. டாக்டர்ட்ட பாத்துக்கிட்டிருக்கேன். இப்ப எம்புட்டோ பரவாயில்ல. நீங்க சாப்பிடுங்க... ரசம் ஆறிப்போவுது."

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு என்று சொல்வோமே, அதே தொனி. மோர் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணப் பந்தி ஒன்று அமைதியானதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமா தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைய ஆரம்பித்தார்.

எனக்கோ எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. கையெல்லாம் சோறு. விட்டுவிட்டேன்.

அந்த மூன்று வரிப் பதிலைச் சொல்ல என் தம்பி எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான் என்பது எனக்குத்தான் தெரியும். அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

பாண்டி பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டாளத்துக்குப் போனவன். எங்கள் சொந்த ஊர் வன்னியம்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில். அவன் லீவில் வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நாலு பேர் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். ஆறடி உயரம், கம்பு போல உடம்பு. காலையில் கண்மாய்க் கரையில் அவன் ஓடினால் பின்னாலேயே ஊர்ப் பசங்களும் ஓடுவார்கள்.

பட்டாளத்தில் இருந்தபோது மலையில் ஒரு தடவை சறுக்கி விழுந்து முழங்கால் போனது. அதோடு ஓட்டமும் போனது. ஆபீஸ் வேலையில் உட்கார வைத்தார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும். போனால் மூட வேண்டும். எந்த வேலையும் குறைவில்லை என்று நாம் சொல்லிவிடலாம். அவன் மனசு அப்படிச் சொல்லவில்லை.

உடம்பு ஏறிக்கொண்டே போனது. ஆளாளுக்கு அட்வைஸ். ஒருவர் கொள்ளு ரசம் என்றார். இன்னொருவர் வெந்நீரில் தேன் என்றார். நான் வாட்ஸ்அப்பில் எக்சர்சைஸ் வீடியோவாக அனுப்பித் தள்ளினேன். அவன் எல்லாவற்றையும் செய்தான். பகல் முழுக்கப் பட்டினியே கிடந்திருக்கிறான். அப்புறம் எப்படி உடம்பு ஏறுகிறது? யாருக்கும் புரியவில்லை.

விசேஷ வீடுகளுக்கு வருவதை நிறுத்தினான். கேட்டால், "டியூட்டிக்கா." எல்லா முகூர்த்த நாளிலும் டியூட்டியா?

ஒரு நாள் சாயங்காலம், ராஜபாளையத்திலிருந்து அவன் வீட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் ஜன்னல் வழியாகப் பார்த்தால், கண்மாய்க் கரையில் புளிய மரத்தடியில் அவனுடைய பைக். வண்டி ரிப்பேரோ, முழங்கால்தான் பிசகிவிட்டதோ என்று பதறி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் பால்கோவா டப்பா. பக்கத்தில் புரோட்டா பார்சல், மிக்சர், வாழைக்காய் பஜ்ஜி... ஒரு குடும்பத்துக்கே ஆகும். கை பாட்டுக்கு எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பாண்டி..."

திடுக்கிட்டுத் திரும்பினான். டப்பாவை மறைக்கப் பார்த்தான். எதைத்தான் மறைப்பான்?

வாயில் வந்ததைக் கேட்டேன். "நல்லா இருக்காலே?"

"தெரியலக்கா" என்றான். "ருசியே தெரியல. வயிறு வலிக்கி. ஆனா நிறுத்த முடியல."

புடவையோடு அப்படியே புழுதியில் உட்கார்ந்தேன். அவன் பேசப் பேசத்தான் புரிந்தது. காலையிலும் மத்தியானமும் சாப்பிடாமல் வைராக்கியமாக இருப்பான். டியூட்டி முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் ஏதோ ஒன்று பிடித்துத் தள்ளும். கடை கடையாக வாங்குவான். ஒரே கடையில் வாங்கினால் என்ன நினைப்பார்களோ! இங்கே வந்து எல்லாவற்றையும் தின்று முடித்த பிறகு தன்னைத்தானே திட்டிக்கொள்வான். மறுநாள் தண்டனையாகப் பட்டினி. சாயங்காலம் மறுபடியும் அதே புளிய மரம்.

"இந்த உடம்ப வச்சிக்கிட்டு மிலிட்டரின்னு சொல்லிக்கவே கேவலமா இருக்குக்கா. கண்ணாடி பாத்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா? நான் ஒண்ணுக்கும் ஆகாதவன்."

டப்பாவை மூடித் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்.

"தனியா முடியலக்கா. எனக்கு யாராச்சும் ஒதவி பண்ணணும்."

இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் கற்றபோதுகூடக் கையைப் பிடிக்க விடாதவன். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்தபோது ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தவன். ஆம்பளை, அதிலும் பட்டாளத்துக்காரன், சாப்பாட்டை நிறுத்த முடியவில்லை என்று அழுகிறான். சொல்லிப் பாருங்கள்... நம் ஊரில் யார் சிரிக்காமல் கேட்பார்கள்?

குடியை நிறுத்த முடியவில்லை என்றால் பாவம் என்போம். சாப்பாட்டை நிறுத்த முடியவில்லை என்றால் வாயைக் கட்டு என்போம். "இன்னும் ரெண்டு இட்லி வைங்க" என்று இலையில் திணிப்பதும் நாம்தான். "என்ன இப்படி ஊதிட்ட" என்று கேட்பதும் நாம்தான்!

அன்றைக்கே ஈஸ்வரியிடம் சொல்லச் சொன்னேன். ஈஸ்வரி அவன் மனைவி. மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி தயாரிக்கிற யூனிட்டில் வேலை செய்கிறாள். அவள் கோபப்படுவாள் என்று அவனுக்குப் பயம். கேட்டுவிட்டு அவள் அழுதாள்.

"நான் ஆக்குறது புடிக்காமத்தான் வெளிய சாப்பிடுதாரோன்னு நெனச்சு உள்ளுக்குள்ளேயே வெந்துக்கிட்டிருந்தேன் மதினி. சொல்லியிருந்தா நானும் கூட நின்னிருப்பேன்ல."

நானும் பாண்டியும் டாக்டரிடம் போனோம். மனநல மருத்துவர் என்று போர்டு இருந்ததால் பாண்டி பைக்கை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினான். தொப்பி வேறு! உள்ளே போனால், எங்களுக்குத் தெரிந்த ஒருவர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும் அவரைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார், "இது சோம்பேறித்தனம் இல்ல. மனக்கட்டுப்பாடு இல்லாதவர்னும் அர்த்தம் இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்கு. மொதல்ல பட்டினி கிடக்கிறதை விடுங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. மூணு வேளையும், நடுவுல கொஞ்சமும்."

வெளியே வந்ததும் பாண்டி விழித்தான். "என்னக்கா இது, சாப்பாட்ட நிறுத்தச் சொல்லுவாகன்னு வந்தா, சாப்பிடச் சொல்லுதாக!"

டாக்டரம்மா உள்ளேயே எனக்கும் ஒரு மருந்து எழுதிக் கொடுக்காத குறைதான். "நீங்க போலீஸ் வேலை பாக்காதீங்கம்மா. என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார்னு கேக்காதீங்க. அவர் போன் பண்ணா எடுங்க. அது போதும்." வாரா வாரம் ஊருக்கே அட்வைஸ் எழுதுகிறவளிடம் சொல்லும் பேச்சா இது? ஆனால் கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் போன் வரும். "அக்கா... வருதுக்கா."

அந்த வெறி வருகிற வேகத்தில் வந்து, யாராவது கூட இருந்தால் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடுமாம். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் பேசுவோம். என்ன பேசுவோம்? உருப்படியாக ஒன்றும் இல்லை. காட்டில் மழை பெய்ததா, பக்கத்து வீட்டு ஆடு இந்தத் தடவை எத்தனை குட்டி, சின்ன வயதில் என் சைக்கிளைக் கிணற்றில் தள்ளியது அவனா, பெரியப்பா மகனா... அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. திடீரென்று, "சரிக்கா, போயிருச்சு. வீட்டுக்குப் போறேன்" என்பான். சில நாள் போகாது. அன்றைக்கு ஈஸ்வரி வேலையிலிருந்து பேசுவாள்.

இதே பிரச்சினை உள்ள சிலரைச் சேர்த்துச் சனிக்கிழமைகளில் கிளினிக் மாடியில் உட்கார்ந்து பேச வைத்தார் டாக்டரம்மா. பாண்டி மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லையாம். ஒரு நாள் திறந்தான். என்ன சொன்னான்? எனக்குத் தெரியாது! பத்திரிகைக்காரி ஆயிற்றே, துருவித் துருவிக் கேட்டேன்.

"அங்க பேசுனது அங்கதான்க்கா. வேற எது வேணாலும் கேளு" என்றான். ராணுவ ரகசியம் கெட்டது போங்கள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் அன்றைக்கு வீடு நிறைய விருந்தாளிகள். மறுநாள் காலையில் போன். "அக்கா, நேத்து தோத்துட்டேன்." நாக்கு நுனியில் வந்த அட்வைஸை விழுங்கினேன். அவனே தொடர்ந்தான். "முன்னாடின்னா மறைச்சு, இன்னைக்குப் பட்டினி கெடந்திருப்பேன். இப்பத்தான் நாலு இட்லி சாப்பிட்டேன். டாக்டரம்மாட்டயும் சொல்லிருதேன்." தோற்றவன் பேசுகிற பேச்சா இது?

எத்தனை கிலோ குறைந்தான் என்று கேட்காதீர்கள். நான் கேட்பதில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறான், இன்னும் பெரிய உடம்புதான். ஆனால் புளிய மரத்தடியில் அந்த பைக் நின்று மாதங்கள் ஆகின்றன. வீட்டில் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஈஸ்வரியின் புளிக்குழம்பு ருசியாக இருக்கிறது என்று சொன்னானாம். அவள் எனக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரிக்கிறாள்... அழுகிறாள்... மறுபடி சிரிக்கிறாள்.

கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. பந்தி முடிந்து கை கழுவப் போனவன் திரும்பி வரக் காணோம். தேடிப் போனேன். தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தான். எங்கள் உறவில் ஒரு பெண்மணி. யார், என்ன முறை என்று சொல்ல மாட்டேன். ஒல்லியான உடம்பு என்பதை மட்டும் சொல்கிறேன். இந்த நோய் பருமனானவர்களுக்குத்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன்!

"நானும் வரலாமா தம்பி? எனக்கும் இப்படித்தான்... யாருட்டயும் சொன்னதில்ல" என்றார் அவர்.

"வாங்க. டாக்டரம்மா நல்லாக் கேப்பாக. மொத நாளு தனியா வராதிய, பயமா இருக்கும். நானும் ஈஸ்வரியும் கூட வாரோம்."

நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இதை எழுதலாமா என்று கேட்க அவன் வீட்டுக்குப் போனேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"எதுக்கு மாத்தணும்? என் பேரையே போடுக்கா. படிக்கிறவுகள்ல ஒருத்தராச்சும் டாக்டர்ட்ட போவாகள்ல."

"ஊரு பேசுமேலே?"

"பேசட்டும். பேசாம இருந்துதான இம்புட்டு வருஷம் கெட்டேன்."

குடும்பத்து போட்டோ ஆல்பத்தில் இந்த ஏழெட்டு வருஷமாக என் தம்பியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். யார் முதுகுக்காவது பின்னால் நிற்பான். தலை மட்டும் தெரியும்.

நேற்று அவனாகவே ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். வீட்டு வாசலில், வெயிலில், தனியாக, தலையிலிருந்து கால் வரை. இந்தப் பத்தியோடு போட வேண்டுமாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: இடம் போதவில்லை என்றால் என் எழுத்தை வெட்டுங்கள். போட்டோவை வெட்டிவிடாதீர்கள்.