ஐந்து பச்சைக் கட்டங்கள்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அப்படித்தான் நானும் மனைவியின் ஊரான தோட்டவெளிக்கு வந்து சேர்ந்தேன். மனைவி இப்போது இங்கிலாந்தில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நான் அங்கே போவதென்றால் ஆங்கிலச் சோதனை ஒன்றில் பாஸாக வேண்டும். அதுவரை வீட்டில் மாமியும் நானும்தான். மாமி என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டு, ‘நீங்கள்’ போட்டுத்தான் கதைப்பார். நான் சாப்பிட்டு எழும்பும்வரை தான் சாப்பிட மாட்டார். கடலுக்குப் போய் மீன் நாற்றத்தோடு வருகிற ஒருவனுக்கு இந்த மரியாதை கொஞ்சம் கூடுதல்தான்.

என் ஆங்கிலத்தை வளர்க்க மனைவி ஒரு விளையாட்டைக் காட்டித் தந்தாள். ஃபோனில் ஒவ்வொரு நாளும் ஐந்து எழுத்தில் ஒரு சொல் ஒளிந்திருக்கும். ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் கட்டம் பச்சை, இடம் மாறினால் மஞ்சள், சொல்லிலேயே இல்லையென்றால் சாம்பல். விளையாடி முடித்து இருவரும் கட்டங்களை ஒருவருக்கொருவர் அனுப்புவோம். முதல் கிழமை முழுக்க என் பக்கம் ஒரே சாம்பல். அவள் ஒவ்வொரு நாளும் ‘பரவாயில்லை’ என்று எழுதுவாள். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேடிப் பார்த்தபோது, இதற்கென்றே இணையத்தில் ஒரு தளம் இருந்தது. முதல் எழுத்து எஸ், நடுவில் ஏ, எங்கேயோ ஒரு ஆர் என்று கொடுத்தால் பொருந்துகிற ஐந்து எழுத்துச் சொற்களையெல்லாம் கொட்டிவிடும். வலையை வளைத்து இழுப்பதைவிட லேசான வேலை. அன்று மூன்றாவது தடவையிலேயே ஐந்து கட்டமும் பச்சை. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனைவி உடனே அழைத்தாள். அவள் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டபிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பச்சைதான். நகரத்தில் போய்க்கொண்டிருந்த ஆங்கில வகுப்பை நிற்பாட்டச் சொன்னாள். இந்த வேகத்துக்குச் சோதனைக்கே திகதி எடுக்கலாமாம்.

மாமிக்கு ஆங்கிலம் தெரியாது, பச்சை தெரியும். மகள் ஃபோனில் சொன்னதை ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லி என்னைப் பெரிய ஆளாக்கிவிட்டார்.

கோயில் திருநாளுக்கு வெளிநாட்டுப் பாதர் ஒருவர் வந்திருந்தார். பூசை முடிந்து மண்டபத்தில் அவர் நாலு வார்த்தை பேச இருந்தார். மொழிபெயர்க்க வரவேண்டியவர் வரவில்லை. மாமி எங்கள் பங்குப் பாதரிடம் போய் என்னைக் கையால் காட்டினார். அந்த நேரம் மறுத்திருக்கலாம். மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு மைக்கை வாங்கினேன். வெளிநாட்டுப் பாதர் சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சனம் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு விளங்கியது ‘ஃபிஷ்’ மட்டும்தான். மைக் என் மூச்சை மட்டும் ஊருக்குக் கேட்கச் செய்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து மாமி எழும்பி வந்தார்.

“பாதர், தம்பிக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ராத்திரி முழுக்கக் காய்ச்சல். சும்மா கிடந்த மனுசனை நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்.”

பங்குப் பாதர் மைக்கை வாங்கி ஓர் ஆசிரியையிடம் கொடுத்தார். வெட்கத்தில் எனக்கு முதலில் வந்தது மாமி மேல் கோபம்தான். யார் இவரை என்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ளச் சொன்னது? வீட்டுக்கு வந்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுகம் விசாரிக்க வந்தவர்களுக்கு முன்னால் என் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றி, கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து வைத்தார். நானும் இருமினேன். ஒரு நோயுமில்லாமல் மாமி கையால் மருந்து குடிப்பதைப்போலக் கேவலம் வேறு இல்லை.

மாமி பாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு மாதத்தின் முதல் வெள்ளியில்தான் போவார். அந்தக் கிழமை சனிக்கிழமை பின்னேரமே முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தான் பொய் சொன்ன அதே பாதரிடம் போய் முழங்காலில் நின்று, அந்தப் பொய்யைச் சொல்லப் போகிறார். பொய்க்குக் காரணமான நான் வீட்டில் கதிரையில் சாய்ந்துகொண்டு இருந்தேன்.

மறுநாள் ஞாயிறு, கடலில்லை. பூசைக்கு முதல் விளையாட்டைத் திறந்து, தளத்தின் பக்கம் போகாமல் நானாகவே விளையாடினேன். ஆறு வரியும் தோல்வி. அப்படியே மனைவிக்கு அனுப்பினேன். அதைப் பார்த்தாவது அவளாகக் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவள் பதறிக்கொண்டு அழைத்தாள்.

“காய்ச்சலோட ஏன் விளையாடுறீங்கள்? அம்மா எல்லாம் சொன்னவ. சோதனைக்குத் திகதி எடுத்திட்டன், அதுக்கிடையில சுகமாகிடும்தானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் குசினியிலிருந்து மாமியின் குரல் வந்தது.

“பிள்ளை, அவரைக் கதைக்க வைக்காத. தொண்டை இன்னும் ஆறேல்லை.”

முந்தின நாள் பின்னேரம்தான் பாவத்தை இறக்கிவிட்டு வந்தவர். நான் ஃபோனை வைத்தேன்.

பூசையில் நன்மை, பாதர் கையால் தருகிற தேவ அப்பம், வாங்கும் நேரம் வந்தது. பாவத்தோடு இருக்கிறவர்கள் அதை வாங்கக் கூடாது. எல்லோரும் எழும்பினார்கள். ஒரு பூசையிலும் நன்மை வாங்காமல் வராத மாமி உட்கார்ந்திருந்த வாங்கிலை விட்டு அசையவில்லை. வரிசையில் போன பெண்கள் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி குனிந்து ஏதோ கேட்டாள். மாமி தலையை மட்டும் ஆட்டினார். ஆண்கள் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. எனக்குத்தான் சுகமில்லையே.

பூசை முடியுமுன்பே வெளியே வந்து, மதிலோரம் நின்று மனைவிக்கு அழைத்தேன். கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

“எனக்குத் தொண்டை கட்டவே இல்லை,” என்று தொடங்கினேன்.